வெள்ளைக்கல்லை இடித்துப் பார்த்த நாள்

என் மச்சான் அந்தக் கல்லைக் கொண்டுவந்தபோது நான் கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து டைல்ஸ் வெட்டும் மிஷினுக்கு பிளேடு மாற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கத்திரி வெயில் அப்போதே முதுகில் ஏறியிருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். பல்லாவரம் பக்கத்தில் ஒரு பழைய கல்குட்டையில் தண்ணீர் ஏற்றி, மேடவாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்குகிற லாரிக்கு அவன் டிரைவர். லாரி வேறொருவருடையது. சொந்தமாக ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வண்டி துடைக்கிற துணியில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்தான்.

"மாமா, உள்ள வா. கதவ சாத்து."

"இன்னாடா, யாரையாச்சும் இடிச்சிட்டியா?"

"வாயக் கழுவு. வான்னா வா."

உள்ளே போய்த் துணியைப் பிரித்தான். ஒரு வெள்ளைக்கல். தேங்காய் மூடி அளவு இருக்கும். ஒரு பக்கம் கறுப்பாக, மற்ற பக்கமெல்லாம் கல் உப்புக் கட்டி மாதிரி வெள்ளை. அந்த வெள்ளைக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் கல் முழுக்கக் கண் சிமிட்டியது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"எங்கடா கிடைச்சது?"

"குட்டையிலக்கா. தண்ணி எறங்கிட்டே வருதில்ல, இந்த வாரம் சுவரு பேந்து, மேலாக்க ஒரு படி வெளிய வந்துகீது. அந்தப் படிக்கு மேல வெள்ளையா ஒரு பட்டை ஓடுது. இது அதுலேர்ந்து ஒடஞ்சி கீழ தண்ணி எறைக்கிற மோட்டார் பக்கத்துல வுழுந்து கெடந்துச்சு. மேல போய்ப் பாத்தேன். பட்டை முழுக்க இப்படித்தான் மின்னுது."

சின்னப் பிள்ளைகளாகிய உங்களுக்குக் கல்குட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீடு கட்டவும் ரோடு போடவும் ஜல்லி வேண்டும். அதற்காக எங்கள் பக்கத்து மலைகளை வெடி வைத்து உடைத்து எடுத்தார்கள். எடுத்து எடுத்து மலை பள்ளமாகிவிட்டது. பிறகு வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் நிறைந்து பள்ளம் குட்டையாகிவிட்டது. பார்க்க அழகாக, பச்சையாக, அசையாமல் இருக்கும். ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சுவர் செங்குத்தாக இறங்கும். வெடி வைத்த பாறை வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். குளிக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு கதை உண்டு. மச்சானுக்கு நீச்சல் தெரியாது.

"சரி, இப்ப இன்னா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"எறங்கி எடுக்கப் போறேன். கயிறு லாரியில கீது. மோட்டார் போடுற அண்ணன் ஊருக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வந்துருவாரு. அவர் பாத்தா நாளைக்கு ஊரே அங்க நிக்கும். இன்னிக்கு வுட்டா வுட்டதுதான்."

என் மனைவியின் முகம் அப்போதே மாறிவிட்டது. "கொன்னுடுவேன்" என்றாள். அவன் சிரித்தான். அவள் அழ ஆரம்பித்தாள். அவன் சிரிப்பை நிறுத்தினான், ஆனால் முடிவை மாற்றவில்லை. அவனைப் பிடித்துக் கட்டிப் போடுகிற உடம்பு எனக்கு இல்லை. நான் ஒரு வழி சொன்னேன்.

"மொதல்ல இது தங்கமான்னு பாப்போம். இல்லேன்னா நீ எறங்கக் கூடாது."

"இருந்துச்சுன்னா?"

நான் கல்லைக் கையில் வாங்கினேன்.

"இருந்துச்சுன்னா நீ தடுக்கக் கூடாது மாமா. இல்லேன்னு தெரிஞ்சா இந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுட்டு லோடு அடிக்கப் போறேன். அக்கா மேல சத்தியம்."

அவன் அக்காவின் தலையில் கையை வைத்தான். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவன் என்ன குறும்பு செய்தாலும், அக்கா தலையில் வைத்த சத்தியத்தை இதுவரை மீறியதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தங்கம் எங்கே இங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். எப்படிச் சோதிப்பது என்று அவன் போனில் வீடியோக்கள் பார்த்து வைத்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தோம்.

முதலில் நிழல். தங்கம் வெயிலிலும் ஒரே நிறம், நிழலிலும் ஒரே நிறம். எப்படித் திருப்பினாலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். கல்லைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தோம். பாதிப் பொட்டுகள் அணைந்துவிட்டன. பாதி மங்கலாக நின்றன.

அடுத்தது ஊசி. என் மனைவி பாவாடைக்கு நாடா கோக்கிற பெரிய ஊசியைக் கொடுத்தாள். அணைந்துபோன பொட்டு ஒன்றின் ஓரத்தில் ஊசி முனையை விட்டு நெம்பினேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு தகடு உரிந்து வந்தது. ஊதினேன், பறந்துவிட்டது.

"காக்காப்பொன்" என்றேன். ஆற்று மணலில் மின்னுமே, நீங்களும் விளையாடும்போது பொறுக்கியிருப்பீர்கள், அதேதான். தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அது காக்காப்பொன். ஒத்துக்கறேன். இது?" மச்சான் இன்னொரு பொட்டைக் காட்டினான். சின்னச் சதுரமாக, பளபளவென்று, யாரோ அரம் போட்டுத் தீட்டிய மாதிரி இருந்தது. ஊசியால் குத்தினேன். பள்ளம் விழவில்லை, வழுக்கியது. அழுத்தினேன், பொடிந்துவிட்டது. தங்கமென்றால் பொடியாது. குத்தினால் மெழுகில் குத்தியது போலப் பள்ளம் விழும், அடித்தால் தட்டையாகும். இருந்தாலும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று இன்னொன்றும் செய்தோம். டைல்ஸின் பின்பக்கத்தில் மெருகு இருக்காது, சொரசொரவென்று இருக்கும். அதில் ஒரு உலோகத்தைத் தேய்த்தால் அதன் உண்மையான நிறம் கோடாக விழும். எங்கள் வீட்டில் உடைந்த டைல்ஸுக்குப் பஞ்சம் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற துண்டாகப் பார்த்து எடுத்துத் தேய்த்தேன். கறுப்பில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரிக் கோடு விழுந்தது.

"மஞ்சளா வரணும்ல?" என்றாள் மனைவி.

"ஆமா. மஞ்சளா வந்தாத்தான் தங்கம்."

"அப்ப இல்லைதான?" அவள் குரலில் ஒரு மூச்சு இறங்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மச்சான் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளிய தெரியறது வேற. உள்ள இருக்கறது வேற. வெள்ளைக்கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்குமாம். இடிச்சுப் பொடியாக்கிக் கழுவிப் பாத்தாத்தான் தெரியும். அதையும் பாத்துடு மாமா. அதுலயும் இல்லேன்னா நான் போய்டறேன்."

நியாயமான பேச்சுதான். கழுவிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை, அதுதான் பெரிய சோதனையும். தங்கம் கனம். மணலையும் கல் தூளையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும், தங்கம் அடியிலேயே தங்கிவிடும். நான் எழுந்து பின்பக்கம் இருந்த இரும்பு உரலை எடுக்கப் போனேன்.

"ஏங்க, அதுலயா?" என்று மனைவி தடுத்தாள். "நேத்துதான் அதுல கருவாடு இடிச்சேன். ஒருவேளை இருந்துச்சுன்னா அது மகாலட்சுமிங்க. கருவாட்டு ஒரல்லயா போடுவீங்க?"

இப்போதுதான் தம்பியைப் போகாதே என்று அழுதவள் அவள். ஆனாலும் தங்கம் என்ற பேச்சு வந்துவிட்டால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். அவள் அலமாரிக்கு மேலிருந்து கல்யாணச் சீரில் வந்த பித்தளை இடிகல்லை இறக்கினாள். ஏலக்காய் தட்டுகிற சின்ன இடிகல். சாமி படத்துக்கு முன்னாலிருந்த பித்தளைத் தாம்பாளத்தையும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். உலக்கைத் தலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வெள்ளி கொலுசு வாங்கி வந்தால்கூட முதலில் அந்தத் தாம்பாளத்தில்தான் வைப்போம்.

மச்சான் சுத்தியலால் கல்லைச் சில்லாக உடைத்தான். நான் இடித்தேன். வெள்ளைக்கல் லேசில் பொடியாகாது. கை மாற்றி மாற்றி இடித்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "இன்னா, இன்னிக்குப் பாயசமா?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றாள் மனைவி. வேர்த்து ஊற்றியது. கடைசியில் பற்பொடி மாதிரி ஆனது. அதைத் தாம்பாளத்தில் கொட்டித் தண்ணீர் விட்டு, சாய்த்துச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினான் மச்சான். வெள்ளைத் தண்ணீர் போனது. மணல் போனது. காக்காப்பொன் மிதந்து போனது. கொஞ்சம் கறுப்புத் தூள் மிஞ்சியது. அதையும் மெதுவாக ஒதுக்கினான்.

அதற்குப் பின்னால், தாம்பாளத்து விளிம்போடு, நகக்கீறல் அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு.

ஊசி முனையில் ஒரு துணுக்கை எடுத்து டைல்ஸ் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். அது உடையவில்லை. தட்டையானது. இன்னொரு துணுக்கை டைல்ஸின் பின்பக்கம் வைத்து ஆணித் தலையால் தேய்த்தேன். கோடு மஞ்சளாக விழுந்தது. கட்டிலுக்கு அடியில் கொண்டுபோனேன். அங்கேயும் மஞ்சள்.

"மாமா," என்றான் மச்சான். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "சொல்லு மாமா."

நான் என்ன சொல்ல? இருக்கக் கூடாது இருக்கக் கூடாது என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இருக்கிறது என்று கல் சொன்னது. இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. அவன் என் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டான். எழுந்து அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, "பத்தரமா வந்துருவேன்க்கா. சும்மா லோடு கணக்குல அழாத" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தரையில் சிதறிக் கிடந்ததைக் கூட்டி, இடிகல்லைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாள். கை சும்மா இருந்தால் அவளால் தாங்க முடியாது. நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போனில் அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. என் இடிகல்ல நாசம் பண்ணிட்டீங்க." அவள் குரல் எரிச்சலாக வந்தது. "உள்ள பூரா சொறிஞ்சி வெச்சிருக்கீங்க. அடியில கையி வெச்சா தட்டுப்படுது."

போய்ப் பார்த்தேன். இடிகல்லின் உள்பக்கம் முழுக்கப் புதுக் கீறல்கள். பழைய மங்கலுக்கு நடுவே பளிச்சென்று மஞ்சளாக. உலக்கைத் தலையில் குங்குமம் போய், அங்கேயும் அதே மஞ்சள்.

நான் வாசலுக்கு ஓடினேன்.

வாசலில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய மண்ணோடு கொட்டி வைத்திருந்த ஜல்லி கிடந்தது. ஒரு கருங்கல் ஜல்லியைப் பொறுக்கி வந்தேன். அதில் மின்னல் கிடையாது, வெள்ளை கிடையாது, ஒன்றும் கிடையாது. சில்லாக உடைத்து அதே இடிகல்லில் போட்டு அதே மாதிரி இடித்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இவருக்கு என்ன பிடித்துவிட்டது என்கிற மாதிரிப் பார்த்தாள். தாம்பாளத்தில் போட்டுக் கழுவினேன். கடைசியில் விளிம்போடு ஒரு மஞ்சள் கோடு நின்றது. அச்சு அசல் அதேதான்.

வெள்ளைக்கல் பித்தளையை விடக் கெட்டி. நாங்கள் கல்லை இடித்தோம் என்று நினைத்தோம், கல் எங்கள் இடிகல்லைச் சுரண்டியிருக்கிறது. பித்தளையும் மஞ்சள். அதுவும் கனம், அடியில் தங்கும். அதுவும் அடித்தால் தட்டையாகும், டைல்ஸில் மஞ்சள் கோடு போடும். எல்லாச் சோதனையும் சரியாகத்தான் செய்தோம். சோதனைப் பாத்திரத்தைத்தான் சோதிக்கவில்லை. என்றைக்காவது நீங்கள் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால், முதலில் ஒன்றும் இல்லாத ஒரு பொருளை அதே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அதிலும் 'இருக்கிறது' என்று வந்தால் பாத்திரத்தின் மேல்தான் குறை.

"வண்டிய எடுங்க" என்றாள். நான் விளக்கிச் சொல்லவே இல்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. இடிகல்லைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

அன்றைக்கு ரேடியல் ரோட்டில் வந்த வண்டியெல்லாம் என் முன்னால்தான் வந்தது. மெட்ரோவுக்காக ரோட்டைப் பாதியாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். ஒரு கல்யாண வேன் வேறு வழியில் நின்றது. அவள் பின்னாலிருந்து போனைக் காதில் வைத்தபடியே, "எடுக்கல, எடுக்கல" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஏரி தாண்டும்போது, "மெதுவா போங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஏன் இப்படி உருட்டறீங்க" என்றாள்.

குட்டைக்குப் போகிற மண் பாதையில் திரும்பியதும் லாரி தெரிந்தது. பின்பக்கம் குட்டையைப் பார்க்க நின்றது. கேபினில் யாரும் இல்லை. சீட்டில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. பின்பம்பர் கொக்கியில் கட்டிய நைலான் கயிறு விறைப்பாகப் போய்ப் பாறை விளிம்பில் மடிந்து கீழே இறங்கியிருந்தது. கீழே இருந்து உளிச் சத்தம் வந்தது. டக், டக்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். நான் பொத்தினேன். திடீரென்று கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

நான் படுத்து விளிம்பை எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு படி. அகலம் ஒரு முழம்கூட இருக்காது. அதில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு மச்சான் உளியை அடித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு. அதோடு ஒரு சிமெண்டுப் பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான், அதில் கல் நிறைந்திருந்தது. அவனுக்குக் கீழே பச்சைத் தண்ணீர். கயிறு மடிகிற இடத்தில் பாறை விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. கயிற்றின் இழைகள் அங்கே பஞ்சு பஞ்சாகக் கிளம்பத் தொடங்கியிருந்தன.

நான் ஓடிப்போய்க் கேபினில் கிடந்த ரப்பர் மேட்டை எடுத்து வந்து, கயிற்றை ஆட்டாமல் அதற்கு அடியில் நுழைத்தேன். பிறகு, பேச்சுக் கொடுக்கிற மாதிரிச் சாதாரணமாகக் கூப்பிட்டேன்.

"மச்சான். நான்தான்."

உளி நின்றது. "மாமா? வந்துட்டியா. பாத்தியா, எவ்ளோ கீது பாரு. இன்னொரு பை அனுப்பு."

"போதும், மேல வா. அது தங்கம் இல்ல."

"இன்னாது?"

"தங்கம் இல்லடா. நாம கழுவினது பித்தள. இடிகல்லு தேஞ்சி வந்தது."

சரியாக அப்போது மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டு போனது. மீனம்பாக்கத்துக்குப் போகிற விமானங்கள் அந்த இடத்தில் தலையை இடித்துவிடுகிற மாதிரிப் போகும். சத்தம் அடங்குகிறவரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சத்தம் அடங்கியது. "நீ பயத்துல சொல்ற மாமா," என்றான் அவன். "காலையிலேர்ந்து உனக்கு அது இருக்கக் கூடாது. உன் மூஞ்சியில தெரிஞ்சுச்சு." திரும்பவும் உளியை எடுத்தான்.

அவன் சொன்னது உண்மை. அப்போது என் மனைவி என் பக்கத்தில் குப்புறப் படுத்துத் தலையை நீட்டினாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"டேய், எங்கூட்டு வாசல்ல கொட்டி வெச்சிருக்கானே ஜல்லி, அத்த இடிச்சிக் கழுவினாரு உங்க மாமா. அதுலயும் அதே தங்கம் வந்துச்சு. அப்ப இன்னா, மேடவாக்கம் ரோடு பூரா தங்கத்துலதான் போட்டு வெச்சிருக்கானா? தெனம் அதும்மேலதான லாரி ஓட்டிகினு போற? குட்டைல இன்னாத்துக்கு எறங்கின, ரோட்டையே பேத்து எடுத்துகினு போ."

உளிச் சத்தம் வரவில்லை.

"ஜல்லியிலயா?"

"ஜல்லியிலதான். என் சீர் இடிகல்லு போச்சு. கொண்டாந்திருக்கேன். மேல வந்து உள்ள கைய வுட்டுப் பாரு."

அந்த வெள்ளைப் பட்டை அவன் முகத்துக்கு நேராக மின்னிக்கொண்டுதான் இருந்தது. அதை ஒரு கையால் தடவினான். பிறகு முதன்முறையாகத் தலையைக் குனிந்து காலுக்குக் கீழே பார்த்தான்.

"மாமா." குரல் வேறு மாதிரி வந்தது. "மாமா, கால் ஆடுது."

தங்கம் என்று நம்பியவரைக்கும் அவனுக்கு ஆழம் தெரியவில்லை. நம்பிக்கை போனதும் ஆழம் வந்துவிட்டது. நாங்கள் சொன்ன உண்மைதான் அவன் முழங்காலை உதற வைத்தது. படியின் விளிம்பில் அவன் செருப்பு நடுங்குவது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன.

"சுவத்துல சாஞ்சிக்கோ. கீழ பாக்காத. என்னைப் பாரு."

"பாக்க முடியல மாமா."

"சரி, சுவத்தையே பாரு. இடுப்புல கட்டின பையை அவுத்து வுடு. கனத்தோட ஏற முடியாது."

அவன் கை பையின் முடிச்சில் போனது. அங்கேயே நின்றுவிட்டது. உதறுகிற காலோடு, செத்துப் பிழைக்கிற நேரத்தில், அவன் கேட்டான்: "மாமா, நல்லாப் பாத்தியா? ஒருவேளை ரெண்டும் கலந்து இருந்தா?"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. "இருக்கலாம்டா" என்றேன். "எனக்குத் தெரியாது. மேல வந்தா பாக்கலாம். அதுக்கு நீ மேல வரணும்."

முடிச்சு அவிழவில்லை. கனத்தில் இறுகிவிட்டது. உளியை முடிச்சுக்குள் விட்டு நெம்பு என்றேன். நெம்பினான். பை போனது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை, அப்புறம்தான் தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது. அந்த இடைவெளியில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சுவரில் அந்தக் காலத்தில் வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் நீளநீளமாக இருந்தன. எந்தத் தடத்தில் எந்தக் காலை வைக்க வேண்டும் என்று நான் மேலிருந்து சொன்னேன். அவன் வைத்தான். நானும் அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அவள் ஒரு காலை லாரிச் சக்கரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். "வலது கையி. இன்னும் மேல. அதான். இப்ப எடது காலு." பாதி வந்திருப்பான். அவன் கால் வைத்த கல் பெயர்ந்தது. கயிறு எங்கள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போய் நின்றது. அவன் சுவரில் மோதித் தொங்கினான். அவள் "அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள், ஆனால் பிடியை விடவில்லை. மேட் நழுவவில்லை. கயிறு தாங்கியது.

"தடத்தைத் தேடு. சோர்ந்துடாத. கால் வெச்சிட்டியா? வெச்சிட்டியாடா?"

"வெச்சிட்டேன்."

அவன் கை விளிம்புக்கு மேல் வந்ததும் நான் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் சட்டைக் காலரைப் பிடித்தாள். இழுத்துப் போட்டோம். அவன் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான். அவள் அவன் முதுகில் இரண்டு அடி போட்டாள், பலமாகவே போட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அவன் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். கேபினுக்குள் போன் அடித்தது. நான் எடுத்தேன். மேடவாக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒருவர், காலையிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, லோடு எப்போது வரும் என்று கேட்டார். "வரும் சார்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மத்தியானத்துக்கு மேல்தான் அவன் கை ஸ்டியரிங் பிடிக்கிற நிலைக்கு வந்தது. அந்த லோடை இறக்கிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தான். பையைத் தண்ணீரில் விடுவதற்கு முன்பே சட்டையில் போட்டிருக்கிறான். அவன் அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் காபி போடப் போனாள்.

"நீதான் சொன்ன மாமா. மேல வந்தா பாக்கலாம்னு."

சொன்னேன்தான். இந்தத் தடவை கல்லைக் கெட்டித் துணியில் சுற்றி, சிமெண்டுத் தரையில் வைத்து இரும்புச் சுத்தியலால் அடித்தோம். தூளைத் துணி துவைக்கிற நீல பிளாஸ்டிக் டப்பில் போட்டோம். அவனே கழுவினான். காலையில் கழுவியதை விட மெதுவாக, ஒரு துளி மணலைக்கூட அவசரப்பட்டு விடாமல் கழுவினான். காலையில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட நான், அவன் பத்திரமாக என் எதிரில் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, ஒரு குன்றிமணியில் கால்வாசியாவது அதில் இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். இருந்தால் அவன் இன்னொரு நாள் இறங்குவான் என்பது தெரிந்தும் நினைத்தேன். மனசு அப்படித்தான் இருக்கிறது.

வெள்ளை போனது. மணல் போனது. டப்பின் அடியில் கொஞ்சம் கறுப்புத் தூள் நின்றது. அதை அவன் விரலால் ஒதுக்கினான். ஒதுக்கிய இடத்தில் நீலம்தான் தெரிந்தது. டப்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். மறுபடி விரலால் ஒதுக்கினான்.

"இல்ல மாமா" என்று அவனே சொன்னான்.

அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைக் குடிக்காமல், டப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் வாடிக் கிடந்த முருங்கைக் கன்றின் காலடியில் அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றினான்.